பெரட்டும் தராசும் மறுநாளும்

கோலா என்றால் மலாயில் ஆறு சேருமிடம். தெர்லா ஆறு தெலோமில் போய்ச் சேருமிடம் கோலா தெர்லா. மலேசியாவின் கேமரன் மலையில் தானா ராத்தாவைத் தாண்டி வடக்கே, திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருக்கும் சிற்றூர். இன்று அந்தச் சாலையில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள்தான். தேயிலைச் சரிவுகள் அதற்கும் மேலே, புளூ வேலி பக்கம் தொடங்குகின்றன. இந்த மலையின் தேயிலைத் தோட்டங்களில் ஓர் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை இரண்டு கருவிகள் மதிப்பிட்டன. ஒன்று ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டு, மற்றொன்று கொழுந்து நிறுக்கும் தராசு. இரண்டுக்கும் ஒரு நாள்தான் அலகு. நேற்றைய உழைப்பு இன்றைய உடம்பை என்ன செய்தது என்று இரண்டுமே கேட்டதில்லை. நிர்வாகத்தின் குறுகிய பார்வை என்று இதைத் தள்ளிவிட முடியாது. களைப்பை அளக்க வந்த மருத்துவ அறிவியலும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இதே ஒருநாள் அலகைத்தான் வைத்திருந்தது. அந்த அலகு ஒரு வகைக் களைப்பை நன்றாகவே பிடித்தது. அதனாலேயே இன்னொரு வகை அதன் கண்ணுக்குத் தப்பியது.

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் குறித்துவைத்தது 1885இல். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டு காடாகவே கிடந்தது. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத் தலம், சாலை, சோதனைப் பண்ணை என்ற பேச்செல்லாம் எழுந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற வணிகர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்ற ஏ. பி. மில்ன் இலங்கையில் தேயிலை போட்டுப் பழகியவர். இந்த விவரம் சிறிதாகத் தெரியலாம், ஆனால் முக்கியமானது. மேட்டுநிலத் தேயிலைத் தொழில் இங்கே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. இலங்கை மலைநாட்டில் அரை நூற்றாண்டு பழகிய முறை அது. கங்காணி, கிராணி, லயம், செக்ரோல், பெரட்டு என்ற சொற்களோ மலாயா ரப்பர்த் தோட்டங்களில் முன்பே வேர்விட்டிருந்தன. ஒப்பந்தக் கூலி முறையில் புதியவர்களைச் சேர்ப்பது 1910ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தது. உலக மந்தம் 1930களின் தொடக்கத்தில் தோட்டத் தமிழர் பலரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தியது. ஆக, கேமரன் மலைத் தேயிலைக்குத் தமிழகத்திலிருந்து ஆள் வர வாய்த்த காலம் பத்தாண்டுக்கும் குறைவு. வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஏற்கெனவே வகுத்து முடித்த ஒரு கணக்குமுறைக்குள்தான் நுழைந்தார்கள்.

அந்தக் கணக்கைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்கலாம். பனி விலகுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கங்காணி பெயர் கூப்பிட, கணக்கெழுதும் கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கோடு இழுப்பார். பெயர் கீழ்நோக்கி, தேதி பக்கவாட்டில், நடுவே சிறு கட்டங்கள். வந்தால் ஒரு குறி, வராவிட்டால் வேறு குறி அல்லது வெற்றுக் கட்டம். இலங்கைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் பெயர். விதித்த அளவு முடியாவிட்டால் அரைப்பேர். மனிதரின் பெயரும் ஒரு நாள் கூலியும் ஒரே சொல்லாகிப்போன மொழி அது. அப்புறம் நிறுவை. கூடையோ சாக்கோ கொக்கியில் தொங்கும், முள் ஆடி நிற்கும், கூடையின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் கழிவு போக மிச்சம் எழுதப்படும். அளவுக்கு மேல் பறித்தால் கூடுதல் காசு. பிற்காலத்தில் கையின் இடத்தைக் கத்தரி பிடித்தது, அதன் பிறகு இருவர் தூக்கிப் பிடிக்கும் இயந்திரம் வந்தது. தராசு மட்டும் மாறவில்லை. இந்த முறையில் நேர்மை என்றும் ஒன்று உண்டு: பறித்தவள் யார் என்று தராசு பார்க்காது. கிலோதான் பேசும். ஆனால் அது இன்றைய கிலோ.

காலனி ஆட்சியில் தோட்ட உடம்புகளை அக்கறையோடு பார்த்த மருத்துவர்களும் இருந்தார்கள். மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானில் மலேரியாவுக்கு எதிராகத் தொடங்கிய வேலை தோட்டங்களுக்கும் பரவியது. மலைச்சரிவில் தெளிந்து ஓடும் ஓடைகளில் பெருகும் கொசுவே அங்கே காய்ச்சலைப் பரப்புகிறது என்பதை அவர் வேலை தெளிவாக்கியது. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் நிதியில் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழு மலாயா, ஜாவா, ஃபிஜி மூன்றிலும் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. தொழிலாளரின் சோகையில் புழுவுக்கு எவ்வளவு பங்கு, மலேரியாவுக்கு எவ்வளவு பங்கு என்று ரத்தத்தின் ஹீமோகுளோபினை அளந்து பிரித்தறிய முயன்ற குழு அது. சமூக வரலாற்றில் இந்த ஆய்வுகளின் பயன் பெரிது. துரைகளும் அதிகாரிகளும் சோம்பல் என்று எழுதிவைத்ததைச் சோகை என்று மாற்றி எழுதும் வழியை இவைதான் திறந்தன. கீழ்த்திசை மக்களைச் சோம்பேறிகளாகச் சித்திரித்த காலனிய எழுத்தை 1977இல் சையத் ஹுசைன் அலத்தாஸ் ஒரு முழு நூலாக எழுதி உடைத்தார். அவர் தர்க்கத்தால் செய்ததை, அதற்கு அறுபதாண்டு முன்பே ஒரு மூலையில் ரத்தத் துளி செய்யத் தொடங்கியிருந்தது என்று சொல்லலாம்.

ஆய்வுக்கூடம் களைப்பைத் தனிப் பொருளாக எடுத்துக்கொண்ட கதை தூரின் நகரில் தொடங்குகிறது. ஆஞ்சலோ மோஸ்ஸோ ஒரு விரலில் எடையைக் கட்டித் திரும்பத் திரும்பத் தூக்கவைத்து, அது ஓய்ந்துபோகும் வளைவைக் காகிதத்தில் வரைந்தார். 1891இல் அவர் நூல் வந்தது. அவருடைய கூடத்திலேயே, முழுக்க ஓய்ந்த தசைக்குப் பாதி ஓய்ந்த தசையைவிட மிக நீண்ட ஓய்வு வேண்டும் என்பதும் தெரியவந்தது. மறுமுறை அளக்கவேண்டும் என்ற விதை அன்றே விழுந்துவிட்டது. அது முளைக்கவில்லை. 1927இல் தொடங்கிய ஹார்வர்ட் களைப்பு ஆய்வுக்கூடம் போர்க்காலத்தில் தந்தது படியேறும் சோதனை: 20 அங்குல உயரப் படி, நிமிடத்துக்கு 30 தடவை ஏறி இறங்கவேண்டும், ஐந்து நிமிடம், பிறகு நாடி. கருவி வேண்டாம், ஒரு பெட்டியும் கடிகாரமும் போதும் என்பதால் அது உலகமெங்கும் போனது. மேற்கு ஜாவாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் போனது. அங்கே சோகையுள்ள பால்வெட்டுக்காரர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததும் படியேறும் திறனும் பால் அளவும் கூடின என்று பாஸ்டா, சுகிர்மான், கார்யாடி, ஸ்கிரிம்ஷா குழு 1979இல் எழுதியது.

தமிழருக்கு இதைவிட நெருக்கமான சான்று இலங்கையில் உண்டு. கலிஃபோர்னியாவின் கார்ட்னர், எட்ஜெர்டன் முதலியோரும் பேராதனையின் பிரையன் செனவிரத்னவும் சேர்ந்து தேயிலைத் தோட்டப் பெண்களை ஓடுபொறியில் நடக்கவைத்தார்கள். 1977இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஹீமோகுளோபின் குறையக் குறைய நடக்க முடிந்த நேரமும் குறைந்தது. அதே வேலைக்கு இதயம் கூடுதலாக அடித்தது, ரத்தத்தில் லாக்டேட் ஏறியது. இரண்டாண்டு கழித்துப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அடுத்த கட்டுரை வந்தது. ஒரு மாதம் இரும்புச்சத்து கொடுத்ததில், ரத்தம் ஊறியவர்கள் வெற்று மாத்திரை பெற்றவர்களைவிடக் கூடுதல் கொழுந்து பறித்தார்கள். சோகை மிகுந்தவர்களிடம் முன்னேற்றமும் மிகுந்திருந்தது. (தமிழர் உரிமைக்காகப் பிற்காலத்தில் குரல் கொடுத்த சிங்கள மருத்துவராகவே செனவிரத்னவைப் பலர் அறிவார்கள். மலைநாட்டுப் பெண்களின் ரத்தத்தை அளந்தவர் என்று அவரை நினைவுகூர்வோர் குறைவு.) இங்கே தராசும் ஆய்வுக்கூடமும் ஒன்றையொன்று உறுதிசெய்தன. ஓடுபொறி சொன்னதையே கொழுந்துக் கூடையும் சொன்னது.

இந்த வெற்றிதான் கவனிக்க வேண்டியது. சோகை என்பது பிராணவாயுவைச் சுமக்கும் வண்டிகள் குறைந்த நிலை. வண்டி இன்றைக்குக் குறைவு, நாளைக்கும் குறைவு. எந்த நாளில் அளந்தாலும் தெரியும். ஆகவே ஒருநாள் சோதனை அதற்குப் போதும், போதுமானது மட்டுமில்லை, மிகப் பொருத்தமானதும்கூட. ஆனால் ஒரு கருவி ஒரு நோய்க்கு இவ்வளவு நன்றாக வேலை செய்துவிட்டால், அது காட்டாத நோய் இல்லவே இல்லை என்று நினைக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. ரத்தம் சரி, இதயம் சரி, நுரையீரல் சரி, படியும் ஏறிவிட்டார். அப்புறம் என்ன களைப்பு என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்களிடையே ஒரு நோய் பரவியது. சிறு உழைப்புக்குப் பிறகும் தசை தன் வலுவை மீட்க நாள்கணக்கில் எடுத்துக்கொள்வதே இதன் அடையாளம் என்று அங்கிருந்த மெல்வின் ராம்சே பல்லாண்டு வலியுறுத்தினார். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளை மட்டும் படித்துவிட்டு அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். 1988இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தோடு சேர்ந்து ஒரு குழு 'நீடித்த களைப்பு நோய்' என்று பெயர் சூட்டியது. நோயின் உயிர்நாடியான மறுநாள் சரிவு அந்தப் பெயரில் இல்லை. பெயரில் மிஞ்சியது களைப்பு மட்டுமே. எல்லோருக்கும் தெரிந்ததாக எல்லோரும் நினைக்கும் சொல்.

மறுநாளை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்கள் கலிஃபோர்னியாவின் பசிபிக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்னெல், ஸ்டீவன்ஸ், வான்நெஸ் குழுவினர். முறை எளிது. முகமூடி மாட்டி நிலைமிதிவண்டியில் உட்காரவைத்து, பத்து நிமிடம் போலப் பளுவை ஏற்றிக்கொண்டே போய், உள்ளே போகும் பிராணவாயுவையும் வெளிவரும் கரியமிலவாயுவையும் மூச்சுக்கு மூச்சு அளப்பது. 24 மணி நேரம் கழித்து அதையே திரும்பச் செய்வது. 2013இல் அவர்கள் 51 நோயாளரையும் 10 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழுவையும் வைத்து வெளியிட்ட முடிவு இந்தக் கட்டுரையின் அச்சாணி. முதல் நாள் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் நாள், நோயாளரின் பிராணவாயுப் பயன்பாடும் அவர்கள் மிதிக்க முடிந்த பளுவும் தெளிவாகக் கீழே இறங்கின. ஒரே ஆளை முதல் நாள் மட்டும் அளந்து அனுப்பியிருந்தால், உட்கார்ந்த வேலை செய்து உடம்பு தளர்ந்தவர் என்ற சீட்டோடு வீடு திரும்பியிருப்பார்.

கோலா தெர்லாவில் நின்று இதைச் சொல்ல வசதியான ஒரு பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் முடிந்த கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் இந்த ஊருக்கு ஒரு சின்ன நிலையம் கிடைத்தது, 0.5 மெகாவாட். தெலோமின் தண்ணீர் சுரங்க வழியாகப் பெர்தாம் பக்கம் திருப்பப்பட்டு, ரிங்லெட் ஏரியில் தேங்கி, ஜோர் நிலையத்தில் 100 மெகாவாட்டாக விழுகிறது. காடழித்த சரிவுகளின் மண் ஆண்டாண்டாக வந்து அந்த ஏரியைத் தூர்த்துவிட்டது. விசையாழிக்குப் பொறித்த திறன் மாறவில்லை. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. எவ்வளவு நேரம் ஓட்டலாம், திரும்ப நிரம்ப எத்தனை நாள் என்று கேட்டால்தான் ஏரியின் வயிறு சுருங்கியது தெரியும். உவமையை இதற்குமேல் இழுக்கக் கூடாது. அந்த நோயில் தூர்ந்துபோனது எது என்பது இன்னும் தீராத கேள்வி.

இரண்டுநாள் சோதனையில் இரண்டாம் நாள் நோயாளர் முழுமூச்சாக மிதிக்கவில்லை, நோயாளி என்ற எண்ணமே காலைக் கட்டிப்போட்டிருக்கலாம் என்பது முதல் ஆட்சேபம். பெரட்டுக் களத்தில் 'சாக்குச் சொல்றான்' என்று கேட்ட அதே குரல்தான், அங்கி மட்டும் வெள்ளை. ஆனால் இதற்குப் பதில் கருவிக்குள்ளேயே இருக்கிறது. வெளிவிடும் கரியமிலவாயுவுக்கும் உடம்பு எடுத்துக்கொண்ட பிராணவாயுவுக்கும் உள்ள விகிதம் 1.1ஐத் தாண்டினால் உடம்பு தன் எல்லைவரை போயிருக்கிறது என்று பொருள். நடிப்பால் அதை எட்ட முடியாது. அதைவிட முக்கியம், தசைகள் காற்றில்லாச் சக்தியின் பக்கம் சாயத் தொடங்கும் வாசல்நிலை. உச்சம் தொடுவதற்கு வெகுமுன்பே அது வந்துவிடும், மனவுறுதிக்கு அதில் வேலை இல்லை. சரிவு அந்த இடத்திலும் தெரிகிறது. ஆட்சேபத்தில் நியாயமான ஒரு பகுதியும் உண்டு: பத்தே பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழு சிறியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு சரிவைக் காட்டவுமில்லை. இதை நோயைத் தீர்மானிக்கும் ஒற்றைச் சோதனையாக்க இன்னும் காலம் வரவில்லை என்றால் ஒத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆட்சேபம் வரலாற்றாசிரியரிடமிருந்து வரும். தோட்டத் தமிழரைக் கொன்றது மலேரியா, வாட்டியது புழுவும் அரைவயிறும். கலிஃபோர்னியா நோயை அவர்கள் மேல் போர்த்துவது பொருத்தமா? பொருத்தமில்லைதான். 1930களின் எந்தத் தொழிலாளிக்கும் இந்த நோய் இருந்தது என்று சொல்ல வழியில்லை, நான் சொல்லவுமில்லை. என் வாதம் நோயாளியைப் பற்றியதே அன்று, பதிவேட்டைப் பற்றியது. செக்ரோல் நாள்தோறும் எழுதப்பட்டதே, மறுநாள் சரிவு அதில் தெரிந்திருக்காதா என்றும் கேட்கலாம். கட்டங்கள் அடுத்தடுத்து இருந்தன, உண்மை. ஆனால் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகக் கூட்டப்பட்டுக் கூலியானது. அதிகம் பறித்த நாளுக்குக் கூடுதல் காசு, அதற்கு இரண்டு நாள் கழித்து வந்த வெற்றுக் கட்டத்துக்குக் கூலி இல்லை. இவை இரண்டும் ஒரே உடம்பின் ஒரே நிகழ்வாக இருக்கலாம் என்று சேர்த்துப் படிக்க யாருக்கும் காரணமில்லை. காய்ச்சல் என்றால் கை வைத்துப் பார்க்கலாம். நேற்று நன்றாகப் பறித்தவள் இன்று எழ முடியவில்லை என்றால் அதற்குத் தோட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் தயாராக இருந்தது. நேற்றைய நல்ல நிறுவையே அவளுக்கு எதிரான சாட்சி.

மூன்றாவது எதிர்வாதம் கனமானது. விக்ரம் படேலும் மற்றவர்களும் கோவாவில் ஏறக்குறைய 2,500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அவர்களில் 12 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்கு மேலான களைப்பைச் சொன்னார்கள். அந்தக் களைப்புக்கும் ஹீமோகுளோபினுக்கும் தொடர்பில்லை. கடன், பசி, மனவேதனை இவற்றோடுதான் தொடர்பு. அப்படியென்றால் ஏழைப் பெண்ணின் களைப்புக்கு வறுமையே விளக்கம், சோதனைக்கூடம் எதற்கு? வறுமையை யாரும் மறுக்கவேண்டியதில்லை. ஆனால் இந்த ஆய்வு என் பக்கத்தையும் பாதி பேசுகிறது: இரும்புச்சத்து என்ற பழைய விடை எல்லாக் களைப்புக்கும் பொருந்தாது என்பதே அதன் முதல் செய்தி. களைப்பு இருக்கிறதா என்று கேட்பது வேறு, எப்போது வருகிறது என்று கேட்பது வேறு. துணி துவைத்த அன்றே அசதியா, மறுநாளா, மூன்றாம் நாளா. தூங்கி எழுந்தால் தீருகிறதா, கூடுகிறதா? கவலையால் வரும் அசதிக்கும் உழைப்பின் பின்னே ஒளிந்து வரும் சரிவுக்கும் இந்தக் கேள்வியில்தான் வழி பிரிகிறது.

எப்போது என்று கேட்காததற்குக் கொடுத்த விலை சிறியதன்று. நோயாளரைப் படிப்படியாக உடற்பயிற்சி கூட்டச் சொல்வதே மருந்து என்ற கொள்கை பிரிட்டனில் நெடுங்காலம் கோலோச்சியது. 641 பேரைக் கொண்ட பேஸ் ஆய்வு 2011இல் லான்செட்டில் வந்து அதற்கு வலுச் சேர்த்தது. அதன் அளவுகோல்களைப் பற்றி நோயாளர்களும் அறிவியலாளர்களும் பத்தாண்டு வாதாடினார்கள். 2021இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டலிலிருந்து அந்தப் பயிற்சியை நீக்கியது. அதற்கு முன்பே, 2015இல், அமெரிக்க மருத்துவக் கழகம் உழைப்புக்குப் பின் வரும் சரிவு இல்லாமல் இந்த நோயை உறுதிசெய்யக் கூடாது என்று சொல்லியிருந்தது. இரண்டுநாள் சோதனையிலும் அதே ஆபத்து மறைந்திருக்கிறது. சரிவைக் காட்டவேண்டுமானால் சரியவைக்கவேண்டும். சோதனையிலிருந்து மீள நோயாளருக்குச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது, மற்றவர்களுக்கு இரண்டு நாள் என்று 2023இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வசதி இருக்கிறதென்று எல்லாரையும் மிதிவண்டியில் ஏற்றுவதைவிட, மூன்று நாளைச் சேர்த்துப் படிக்கக்கூடிய ஒரு குறிப்பேட்டை நோயாளி கையில் கொடுப்பது மேல் என்பது என் எண்ணம். செக்ரோலுக்குள் அந்த வசதி எப்போதும் இருந்தது. படிக்கும் முறைதான் இருக்கவில்லை.

கேமரன் மலையில் இன்று கொழுந்து வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தமிழர் பலர் காய்கறிக்கும் லாரிக்கும் கடைக்கும் பட்டணத்துக்கும் மாறிவிட்டார்கள். வெற்றுக் கட்டத்தின் இடத்தில் இப்போது எம்.சி. என்ற மருத்துவச் சான்று இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18, 22 நாள் நோய் விடுப்பு தருகிறது. நோய் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால், கையில் எம்.சி. இருந்தாலும் அது அனுமதியில்லாமல் வராமல் போனதாகவே கொள்ளப்படும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கோவிட்டுக்குப் பிறகு நீடித்த களைப்போடு வாழ்கிறவர்களுக்கு, உழைத்த அன்று கிளினிக்குக்குப் போக ஒரு காரணமும் இருக்காது. மறுநாள் போனால் காய்ச்சலில்லை, ரத்த அழுத்தம் சரி, ஒரு நாள் எம்.சி. எழுதப்படும். மூன்றாம் நாள் படுக்கையிலிருந்து எழ முடியாதபோது, கிளினிக் இருக்கும் தானா ராத்தாவுக்கு வளைந்து வளைந்து போகும் பேருந்தில் ஏறுவதே அந்த நாளின் படியேறும் சோதனை.